நிறத்தை நோயாளியே சொல்லட்டும்

மருத்துவமனைப் படுக்கையில் சில வாரங்கள் இருக்க நேர்ந்தவர் எவரும் ஓர் உண்மையை அறிவர். எப்போது எழ வேண்டும், எதை உண்ண வேண்டும், எந்தப் பக்கம் திரும்பிப் படுக்க வேண்டும், யார் எப்போது பார்க்க வரலாம் என்பன யாவும் அங்கே பிறரால் முடிவு செய்யப்படுகின்றன. இவற்றுட் பெரும்பாலானவை சிகிச்சைக்கு இன்றியமையாதவை, அவற்றைக் குறைகூறுவதற்கில்லை. ஆனால் சிகிச்சையோடு தொடர்பில்லாத சிறு முடிவுகளையும் வீட்டாராகிய நாம் நம் கையில் எடுத்துக்கொள்கிறோம். “நீங்க பேசாம படுங்கப்பா, நாங்க பாத்துக்கறோம்” என்னும் சொல்லில் அன்பு நிறைந்திருக்கிறது. ஆயினும் நாளுக்குப் பத்து முறை அதனைக் கேட்பவர் உள்ளத்தில், தாம் இனி எதற்கும் தேவைப்படாதவர் என்னும் எண்ணமும் மெல்ல வேர்விடுகிறது.

இதற்கு மருந்தாக ஆறுதல் மொழிகளை எடுத்துரைப்பது எளிது. நான் முன்வைக்க விரும்புவது கைவேலை ஒன்றை. வெட்டுத்துணிகளைச் சிறு சதுரங்களாக நறுக்கி, கட்டம் கட்டமாக இணைத்து, சற்றுத் தொலைவிலிருந்து நோக்கும்போது ஓர் உருவம் தோன்றும்படி தைக்கப்படும் போர்வையே அது. இந்த வேலை இயல்பாகவே இரண்டாகப் பிரிகிறது. எந்தக் கட்டத்தில் எந்த நிறம் என்று முடிவு செய்வது ஒன்று. வெட்டுவதும் தைப்பதும் மற்றொன்று. முதல் வேலைக்கு உடல்வலிமை வேண்டியதில்லை. கண்ணும் விருப்பமும் போதும். அதனை முழுமையாக நோயாளியிடம் விட்டுவிட்டு, உடனிருப்போர் இரண்டாவது வேலையை மட்டும் மேற்கொள்ள வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வேண்டுகோள்.

இது எங்கோ அயல்நாட்டிலிருந்து வந்த பொழுதுபோக்கு என எவரேனும் கருதுவாராயின், அவர் நம் அம்மாபேட்டையின் தறிகளை நினைத்துப் பார்க்க வேண்டும். பட்டுச் சேலையின் முந்தானையில் காணும் மயிலும் மாங்காயும் முதலில் துணியில் பிறப்பதில்லை. கட்டம் போட்ட வரைபடத் தாளில் பிறக்கின்றன. வடிவமைப்பவர் ஒவ்வொரு கட்டத்தையும் வண்ணத்தால் நிரப்புவார், அல்லது வெறுமையாக விடுவார். நிரப்பிய கட்டம் எனில் அவ்விடத்தில் பாவு நூல் உயர வேண்டும். வெற்றுக் கட்டம் எனில் உயர வேண்டியதில்லை. தாளின் ஒரு வரிசை ஓர் அட்டையாகிறது. அட்டையில் துளையுள்ள இடங்களில் நூல்கள் தூக்கப்பட, ஊடை நூல் ஒருமுறை ஓடுகிறது. பின்னர் அடுத்த அட்டை, அடுத்த ஊடை. பிரான்சு நாட்டின் லியோன் நகரைச் சேர்ந்த ஜோசப் மரீ ஜக்கார்டு 1804-இல் உருவாக்கிய பொறியமைப்பு இது. அதன் துளையட்டைகளைக் கண்டே, ஆங்கிலேயக் கணித அறிஞர் சார்லஸ் பாபேஜ் தாம் திட்டமிட்ட கணிப்பு எந்திரத்துக்கும் அத்தகைய அட்டைகளைப் பயன்படுத்த எண்ணினார். 1960-ஆம் ஆண்டு முதல் சேலத்தில் இயங்கிவரும் இந்தியக் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனத்தின் மாணவர்களுக்கு இக்கட்டத்தாள் பழகிய ஒன்று. அம்மாபேட்டையில் தறிமுன் அமர்ந்து வாழ்ந்த முதியவர் ஒருவர் இன்று நம் படுக்கைகளில் ஒன்றில் இருப்பாராயின், அவருக்கு இதைக் கற்பிக்க வேண்டியதில்லை. அவரிடமிருந்து நாம் கற்றுக்கொள்ளலாம்.

தறி அறியாத வீடுகளிலும் கட்டத்தின் கணக்கு அறியாதவர் இலர். பதினைந்து புள்ளி, பதினைந்து வரிசை என்று சொல்லிக்கொண்டு கோலமிடும் கை அதனை அறியும். இரு நிற வயர்களைக் கொண்டு, முடிச்சுகளை எண்ணியெண்ணிக் கூடையின் பக்கத்தில் பூவையோ சாய்சதுரத்தையோ வரவழைக்கும் கையும் அறியும். கைப்பேசித் திரையில் நாம் காணும் ஒவ்வொரு படமும் இவ்வாறே மிகச் சிறு கட்டங்களால் ஆனது. பிக்சல் என்று வழங்கும் அக்கட்டத்துக்கு ஒரே ஒரு நிறந்தான் உண்டு. தனியே நோக்கினால் அதற்குப் பொருளும் இல்லை.

1957-இல் அமெரிக்காவில் ரஸ்ஸல் கிர்ஷ் என்பவர் புகைப்படம் ஒன்றை முதன்முதலாகக் கணினிக்குள் ஏற்றியபோது, அவர் எடுத்துக்கொண்ட படம் மூன்று மாதக் குழந்தையான தம் மகனுடையது. பக்கத்துக்கு 176 கட்டங்களாக அது பிரிக்கப்பட்டது. ஓர் உருவத்தை அடையாளங்காண அவ்வளவு கட்டங்களும் வேண்டியதில்லை என்பதைப் பின்னர் 1973-இல் லியான் ஹார்மன் என்னும் ஆய்வாளர் காட்டினார். ஆபிரகாம் லிங்கனின் முகத்தை அவர் சில நூறு சாம்பல்நிறச் சதுரங்களாகச் சுருக்கி வெளியிட்டார். அருகில் நோக்கினால் சதுரங்களே தெரியும். சில அடிகள் பின்வாங்கியோ கண்களைச் சுருக்கியோ நோக்கினால் லிங்கன் தெரிவார். போர்வைக்கு இது நற்செய்தி. மிகக் குறைந்த கட்டங்களைக் கொண்டே ஓர் உருவத்தைக் காட்டிவிடலாம்.

எனவே முதற்போர்வைக்கு 12 கட்டம் அகலமும் 12 கட்டம் நீளமும் போதும். மொத்தம் 144 சதுரங்கள். ஒவ்வொன்றையும் 3 அங்குலப் பக்கமாக வெட்டி, சுற்றிலும் கால் அங்குலம் தையலுக்கு விட்டால், தைத்தபின் இரண்டரை அங்குலம் எஞ்சும்; போர்வை 30 அங்குலச் சதுரமாக அமையும். சக்கர நாற்காலியில் அமர்ந்திருப்பவரின் மடியை மூட அது போதுமானது. படுக்கையில் போர்த்திக்கொள்ளும் அளவு வேண்டுமெனில் 20-க்கு 24 கட்டங்கள், அதாவது 480 சதுரங்கள் தேவைப்படும். தொடக்கத்திலேயே அவ்வளவு பெரிய எண்ணைக் கையில் எடுக்க வேண்டாம். நாளுக்கு ஒரு வரிசை என்றால் சிறு போர்வையின் நிறங்கள் 12 நாள்களில் முடிவாகிவிடும்.

என்ன உருவம் என்பதையும் நோயாளியே சொல்ல வேண்டும். சேலத்து மாம்பழம் 144 கட்டங்களுக்குள் நன்கு அடங்கும். கிளியும் அகல்விளக்கும் அடங்கும். நகரின் வடக்கே தெரியும் சேர்வராயன் மலைத்தொடரை நீலம், பச்சை, வெளிர்சாம்பல் என மூன்று பட்டைகளால் காட்டிவிடலாம். உருவமே வேண்டாம், நிறங்கள் மட்டும் போதும் என்று அவர் சொன்னால் அதுவும் சரியே.

துணிக்கு நாம் அலைய வேண்டியதில்லை. தையற்கடைகளில் ரவிக்கையும் சட்டையும் வெட்டியபின் எஞ்சும் துண்டுகள் மூட்டையாகச் சேர்ந்து கிடக்கின்றன. வீட்டிலோ பேரப்பிள்ளைக்குச் சிறிதாகிப்போன பள்ளிச் சீருடையும், கிழிந்த நூல்சேலையும், காலர் நைந்த சட்டையும் இருக்கும். இவற்றை ஒன்றுசேர்ப்பது இந்நாட்டின் பழைய வழக்கம். வங்கத்துப் பெண்கள் பழஞ்சேலைகளை அடுக்கி ஓட்டுத்தையலிட்டுச் செய்யும் காந்தா என்னும் விரிப்பின் பெயரும், நாம் வழங்கும் கந்தை என்னும் சொல்லும் உறவுடையவை. ஆப்பிரிக்க வழித்தோன்றல்களாகக் கர்நாடகத்தின் வடகன்னடப் பகுதியில் வாழும் சித்தி இனப் பெண்கள் கவந்தி என்னும் போர்வையைப் பழந்துணித் துண்டுகளால் தைக்கின்றனர். ஓரத்தில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுவை நோக்கி அவர்கள் தையல் செல்லும். நான்கு மூலைகளிலும் மடித்த துண்டுகளால் ஆன பூக்களை வைத்தாலன்றிப் போர்வை நிறைவுற்றதாக அவர்கள் கருதுவதில்லை. கிழிந்த துணியைக் கொண்டு செய்தாலும், முடிவில் ஒரு பூ வைக்கப்பட வேண்டும் என்று அவர்கள் எண்ணுவது சிந்திக்கத்தக்கது.

துண்டுகளைத் தெரிவு செய்வதில் ஒரு நுட்பம் உண்டு. உருவத்தைக் காட்டுவது நிறத்தைவிட மிகுதியாக அந்நிறத்தின் ஒளியும் அடர்வுமே ஆகும். ஒரே அளவு அடர்ந்த சிவப்பையும் பச்சையையும் பக்கத்தில் வைத்தால், தொலைவிலிருந்து இரண்டும் ஒன்றாகக் கலந்து உருவம் மறைந்துவிடும். ஆகவே துணிகளை முதலில் நிறவாரியாகப் பிரிக்காமல், மிக வெளிறியது, வெளிறியது, நடுத்தரம், அடர்ந்தது, மிக அடர்ந்தது என ஐந்து குவியல்களாகப் பிரிக்க வேண்டும். ஐயமிருந்தால் கைப்பேசியில் கறுப்பு வெள்ளைப் படமாக எடுத்து நோக்கலாம். இப்பிரிப்பு வேலையையும் படுக்கையில் சாய்ந்தபடியே நோயாளி செய்யலாம். ஒரு கையே போதும் என்பதால், டயாலிசிஸ் சிகிச்சைக்காக ஒரு கையை அசைக்காது நெடுநேரம் படுத்திருப்பவர்க்கும் இது இயலும்.

பக்கவாதத்தால் பேச்சு தடைப்பட்டவர் எவ்வாறு நிறத்தைச் சொல்வார் என்று கேட்கலாம். இரு துண்டுகளை அவர் பார்வைக்கு நேராகப் பிடித்தால், அவர் பார்வை எதில் நிற்கிறதோ அதுவே விடை. நினைவாற்றல் குறைந்த முதியவரிடமும் ஒரு பெட்டி நிறையத் துணியை நீட்டாமல், இரண்டை மட்டும் காட்டுவதே நன்று. பலவற்றுள் ஒன்றைத் தேர்வது அவரை மருளச் செய்யும். பார்வை குன்றியவர்க்குத் தொடுவுணர்வு துணைநிற்கும். பருத்தி, பட்டு, வெல்வெட் ஆகியவற்றை விரலால் அறிந்து அவர் வரிசைப்படுத்தலாம்.

இனி உடனிருப்போர் கடைப்பிடிக்க வேண்டிய ஒழுங்கைச் சொல்ல வேண்டும். தையலைவிட அதுவே கடினமானது. நோயாளி குறிப்பிட்ட நிறத்தை நாம் திருத்தக் கூடாது. மாம்பழத்தின் நடுவே அவர் நீலத்தை வைக்கச் சொன்னால், மாம்பழத்தின் நடுவே நீலம் இருக்கட்டும். “இது பொருந்தாதும்மா” என்று சொல்லி நாமே மஞ்சளை எடுத்து வைத்துவிட்டால், அந்த நொடியில் போர்வை நம்முடையதாகிவிடுகிறது. அவர் மீண்டும் பார்வையாளராகிவிடுகிறார். நேற்று முடிவு செய்ததை இன்று அவர் மாற்றினால், தைக்காத வரையில் மாற்றிக்கொள்ளலாம். இந்த வேலையே வேண்டாம் என்று அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டால், அதையும் ஒரு முடிவாக மதித்துத் தாளை எடுத்து வைத்துவிட வேண்டும். வேண்டாம் என்று சொல்லி அச்சொல் ஏற்கப்படுவது மருத்துவமனையில் அரிதாகவே வாய்க்கிறது.

தைப்பவர்க்குரிய கவனம் வேறு. கட்டத்தாளில் உள்ள வரிசை எண்ணைச் சிறு காகிதத்தில் எழுதி, ஒவ்வொரு வரிசைத் துண்டுகளோடும் சேர்த்துக் கட்டி வைக்க வேண்டும். முதலில் 12 துண்டுகளை ஒரு வரிசையாகவும், பின்னர் 12 வரிசைகளை ஒன்றோடொன்றாகவும் இணைக்க வேண்டும். தையல் விளிம்பில் சிறு பிழையும் பெருகும் தன்மையது. ஒவ்வொரு துண்டிலும் ஓரத்தில் அங்குலத்தின் 16-இல் ஒரு பங்கு கூடுதலாகப் பிடித்துவிட்டால், 20 கட்டம் கொண்ட வரிசை இரண்டேகால் அங்குலத்துக்கு மேல் குறுகிவிடும். ஏறத்தாழ ஒரு கட்டமே காணாமற்போனதற்கு அது ஒப்பாகும். இஸ்திரி போட்டால் ஒட்டிக்கொள்ளும் கேன்வாஸில் கட்டங்களை வரைந்து, துண்டுகளை அதன்மேல் ஒட்டிவிட்டு, வரிவரியாக மடித்துத் தைத்தால் இத்தொல்லை குறையும். அடியில் பழைய நூல்சேலையை வைத்து, இரண்டையும் ஓட்டுத்தையலால் பிணைத்துவிட்டால் போர்வை ஆயிற்று.

சில எச்சரிக்கைகள் இன்றியமையாதன. கந்தையையும் கசக்கிக் கட்டச் சொன்ன மரபு நம்முடையது. இங்கே அது கட்டாய விதி. எல்லாத் துணியையும் சோப்பிட்டு வெந்நீரில் துவைத்து, வெயிலில் நன்கு உலர்த்தி, தூய பையில் இட்டே வார்டுக்குள் கொண்டுவர வேண்டும். சாயம் ஒட்டுகிறதா என்று ஈர வெள்ளைத்துணியால் தேய்த்துப் பார்க்க வேண்டும். பஞ்சும் இழையும் உதிரும் துணியைத் தவிர்க்க வேண்டும். ஊசியும் கத்தரிக்கோலும் படுக்கைக்கு அருகில் வரவே கூடாது. வெட்டுவதும் தைப்பதும் வீட்டிலோ தையற்கடையிலோ நடக்கட்டும். இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து உட்கொள்பவர்க்கும், நீரிழிவால் விரல்களில் உணர்வு குறைந்தவர்க்கும் ஊசி தீங்கானது. புற்றுநோய்ச் சிகிச்சையால் நோயெதிர்ப்பாற்றல் குன்றியிருப்பவரிடம் துணியைக் கொடுக்கும் முன் செவிலியரைக் கேட்டே ஆக வேண்டும். அனுமதி இல்லையெனில் வண்ணப் பென்சில்களும் கட்டத்தாளும் போதும்; அவர் தாளில் நிரப்பியதை வீட்டில் துணியாக்கலாம்.

இம்முயற்சிக்கு மறுப்புக் கூறுவோர் உளர். நோயுற்றவர் ஓய்வெடுக்க வேண்டியவர், அவர்மீது வேலையைச் சுமத்தலாமா என்பது முதல் மறுப்பு. உறங்கும் ஓய்வைக் குலைக்க எவரும் சொல்லவில்லை. ஆனால் விழித்திருக்கும் நேரமெல்லாம் கூரையையும் மின்விசிறியையும் நோக்கிக்கொண்டிருப்பதை ஓய்வு என்று கூறவியலாது. இது பெண்களின் வேலை என்பது இரண்டாவது மறுப்பு. தையற்கடைகளில் அமர்ந்திருப்போரும், அம்மாபேட்டைத் தறிகளில் அமர்ந்திருப்போரும் யாவர் என்று நோக்கினால் அம்மறுப்பு தானே விழுந்துவிடும். தந்தை நிறத்தைச் சொல்ல, மகன் தைக்கட்டும்.

இதனால் நோய் தீருமா என்பது மூன்றாவது வினா. தீராது. துணிப்போர்வை இரத்தச் சர்க்கரையைக் குறைக்காது, கட்டியைக் கரைக்காது. அவ்வாறு சொல்லி எவரேனும் இதனைப் பரப்பினால் அவரை நம்ப வேண்டாம். நோய் நீங்கினாலும் நீங்காவிட்டாலும், நோயாளி ஒருவர் சிகிச்சைக் காலம் முழுவதும் தம் வீட்டாரால் கருத்துக் கேட்கப்படுபவராக இருக்க வேண்டும் என்பதே இங்கு நான் வலியுறுத்துவது. அதற்கு இப்போர்வை 144 வாய்ப்புகளைத் தருகிறது.

உடனிருப்போர்க்கும் இதனால் ஒரு பயன் உண்டு. வார்டுக்கு வெளியே பெஞ்சில் அமர்ந்திருப்பவரின் பொழுதுக்கு அளவில்லை. பரிசோதனை முடிவு எப்போது வரும், மருத்துவர் எப்போது வருவார், வீட்டுக்கு எப்போது போகலாம் என்ற வினாக்களுக்கு அவரிடம் விடையில்லை. இன்றைய வரிசையில் ஐந்து துண்டுகள் எஞ்சியுள்ளன என்பது விடை உள்ள கணக்கு. நோயாளியிடம் பேசுவதற்கு வலியையும் மருந்தையும் தவிர வேறொரு பொருளும் கிடைக்கிறது. மௌனமாக அமர்ந்திருக்கும் கணவனும் மனைவியும் ஆறாவது வரிசையில் பச்சையா மஞ்சளா என்று வழக்காடுவது, அந்த அறைக்கு நன்மையே செய்யும்.

சொல்லத் தயங்கும் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். சில போர்வைகள் முடிவதற்குள் நிறம் சொன்னவர் மறைந்துபோகலாம். இதனை எண்ணியே சிலர் தொடங்க அஞ்சுவர். அமெரிக்காவில் எய்ட்ஸ் நோயால் இறந்தோரின் பெயரால், கிளீவ் ஜோன்ஸ் என்பவரின் முயற்சியில் உருவான பெரும்போர்வை 1987 அக்டோபரில் வாஷிங்டன் நகரின் திறந்தவெளியில் முதன்முறையாக விரிக்கப்பட்டது. மூன்றடி அகலமும் ஆறடி நீளமும் கொண்ட 1,920 துண்டுகள் அதில் இருந்தன. இறந்தவர்களின் உற்றாரும் நண்பர்களும் அவற்றுட் பலவற்றைத் தைத்தனர். அந்நோயைப் பற்றிப் பேசவே பலர் கூசிய காலம் அது. அங்கே பிரிந்தவர்க்காகப் பிறர் நிறம் தேர்ந்தனர். நம் போர்வையிலோ அவரே தேர்ந்த நிறங்கள் சில வரிசைகளேனும் இருக்கும். எட்டு வரிசையோடு நின்றுபோன தாளும் அவர் கையெழுத்தைப் போன்றதே. எஞ்சிய நான்கு வரிசைகளை வெள்ளைத் துணியால் நிரப்பி முடிக்கலாம், முடிக்காமலும் வைத்துக்கொள்ளலாம். இதில் தோல்வி என்று ஒன்றில்லை.

நம் மருத்துவமனை நிர்வாகத்துக்கு ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு வார்டின் செவிலியர் மேசையருகிலும் கட்டத்தாள் அடங்கிய உறை ஒன்றும், சில வண்ணப் பென்சில்களும் வைத்தால் போதும். உடனிருப்போர் தங்குமிடத்தில் ஒரு தையல் எந்திரம் இருக்குமானால் மேலும் நன்று. செலவு மிகச் சிறிது. வீடு திரும்புவோர் விரும்பினால் தம் போர்வையின் கட்டத்தாளை மட்டும் இங்கே விட்டுச் செல்லலாம். அடுத்து வருபவர்க்கு அது மாதிரியாகப் பயன்படும்.

உறவினர்க்குச் சொல்வது இதைவிடச் சிறிது. நாளை வார்டுக்கு வரும்போது பழத்தோடும் ஹார்லிக்ஸோடும் துவைத்து உலர்த்திய இரு துணித்துண்டுகளை எடுத்து வாருங்கள். இரண்டையும் காட்டி, முதற்கட்டத்துக்கு எது என்று கேளுங்கள். விடை வரச் சற்று நேரமாகலாம். அதுவரை நீங்கள் எதையும் சொல்லாமல் காத்திருங்கள்.